381654729 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

மட்டக்களப்பு கல்லடியில் பின்னேர வகுப்பில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, வலப்பக்கத்தை அடிமட்டத்தால் மறைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகத் திறந்து காட்டுவேன். 38 இரண்டால் வகுபடும், 381 மூன்றால், 3816 நான்கால். இப்படியே போய் முழு எண்ணும் ஒன்பதால் வகுபடும். 1 முதல் 9 வரையான இலக்கங்கள் ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் எழுதி இப்படி அமையும் எண் இது ஒன்றுதான்!

ஏன் ஒன்றுதான்? ஐந்தாம் இடத்தில் 5 வந்தாக வேண்டும். 2, 4, 6, 8ஆம் இடங்களில் இரட்டை இலக்கங்கள், மிச்சத்தில் ஒற்றை. மூன்றாவது ஒற்றை என்பதால் நான்காவது 2 அல்லது 6தான், எட்டாவதும் அப்படியே. 4, 5, 6ஆம் இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட வேண்டுமே, அதனால் நடுவில் 258 அல்லது 654 மட்டுமே வரலாம். மூன்றுக்கும் எட்டுக்கும் உரிய நிபந்தனைகளையும் வைத்துக் கழித்தால் பத்தே எண்கள் மிஞ்சும்.

கடைசித் தீர்ப்பு ஏழுக்கு. 147258963ஐப் பாருங்கள், எவ்வளவு அழகு! ஆனால் 1472589ஐ ஏழால் வகுத்தால் மீதி 6. மற்ற எட்டும் அங்கேதான் விழும். 3816547 மட்டும் 7 × 545221 என்று மீதியில்லாமல் நிற்கும். மீதி ஒன்பதையும் கையாலேயே வகுத்துப் பாருங்கள், பிள்ளைகளே, கல்குலேட்டர் வேண்டாம். பின்னால் ஒரு 0 சேர்த்தால் பத்தாலும் வகுபடும்.