தனித்தனியாக எடுத்த டிக்கெட்: நால்வரும் சேர்ந்து உட்கார முடியுமா?

கொரோனா காலத்து 2020-21 பருவத்தில், என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்த ஒருவர் கேட்டதற்கு அப்போது சொன்ன பதில் இது. இப்போதுள்ள பதிவுகளை வைத்து முடியாது. நீங்கள் இரண்டு, தம்பி இரண்டு என்று தனித்தனியாக வாங்கியிருக்கிறீர்கள். ஒரே வீட்டார் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பதிவையும் ஒரு குழுவாகக் கொண்டு, தொற்று பரவாமல் இடைவெளி விடுவதற்காகச் சுற்றியுள்ள இருக்கைகளை யாரும் வாங்க முடியாதபடி அது பூட்டிவிடும். அரங்கப் படத்தில் உங்களுக்கும் தம்பிக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தெரிபவை பெரும்பாலும் அவைதான். காலியாகத்தானே கிடக்கிறது என்று போய் உட்கார்ந்தால் பணியாளர் எழுப்பிவிடுவார். சில அரங்குகளில் இருக்கையை மடித்துக் கட்டியே வைத்துவிடுகிறார்கள்.

1. இரு பதிவு எண்களையும் ஒரே மின்னஞ்சலில் டிக்கெட் பிரிவுக்கு அனுப்பி, ஒன்றாக இணைக்க முடியுமா என்று கேளுங்கள்.

2. செயலியில் தம்பியின் டிக்கெட்டை உங்கள் கணக்குக்கு மாற்றி மெனக்கெட வேண்டாம். பெயர்தான் மாறும், இருக்கை நகராது.

மாற்றாக முன்வரிசை தந்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். இந்த 2020-21 என்.பி.ஏ. பருவத்தில் களத்திலிருந்து 30 அடிக்குள் உட்கார, கொரோனா தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவு வேண்டும். நால்வருக்கும் அது நேரத்துக்குள் கிடைக்க வேண்டுமே! உள்ளூர் சுகாதாரத் துறை பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைத்தால், இணைத்த பதிவும் கலைந்துபோகலாம்.