அல்சருக்காக இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள். இப்போது சாப்பிட்டதும் வலித்து, பச்சையாக வாந்தி வருகிறது. இது டம்பிங் சிண்ட்ரோமா?

டம்பிங் என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். நீங்கள் சொல்வது அப்படித் தெரியவில்லை. எனக்கு வந்ததைச் சொல்கிறேன், ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் மேல்வயிறு கல்லாக இறுகும். சுருண்டு படுத்தே கிடப்பேன். திடீரென்று பீறிட்டு ஒரு வாந்தி, மஞ்சளும் பச்சையுமாக, அப்படி ஒரு கசப்பு. அடுத்த நிமிடம் வலி போன இடம் தெரியாது. இரண்டு டாக்டர்கள் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாமவர்தான் கேட்டார்: "வாந்தியில் சாப்பாடு இருந்ததா?" யோசித்தேன். ஒரு துணுக்குகூட இருந்ததில்லை.

விஷயம் அதில்தான் இருந்தது. எனக்குச் செய்தது பில்ராத் 2. 1885-இல் தியோடர் பில்ராத் செய்த முறை, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மீதி இரைப்பையை நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுவார்கள். முன்சிறுகுடலின் வாயை மூடிவிடுவார்கள். பித்தநீரும் கணையநீரும் அந்தப் பக்கக் குடல் வழியாக வந்து இணைப்பில் சேர வேண்டும். அந்தக் குடல் மடங்கினாலோ, தழும்பு ஒட்டி இழுத்தாலோ, நீர் உள்ளேயே தேங்கும். சாப்பிட்டால் சுரப்பு கூடும், குடல் உப்பும், வலிக்கும். அழுத்தம் தாங்காமல் மொத்தமும் இரைப்பைக்குள் பாய்ந்து வெளியே வரும். சாப்பாடோ அதற்குள் மறுபக்கக் குடலில் இறங்கியிருக்கும். இதற்கு அஃபரென்ட் லூப் சிண்ட்ரோம் என்று பெயர். அபூர்வம்தான், அதனால்தான் சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சிடி ஸ்கேனில் நீர் கோத்து வீங்கிய குடல் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி திறந்து, பித்தநீர் இணைப்புக்குக் கீழே போய்ச் சேரும்படி ரூ-என்-ஒய் முறையில் மாற்றினார்கள். சரியாகிவிட்டது. தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகி பி12 குறைந்திருந்தது, அதற்கு மட்டும் ஊசி தொடர்கிறது.

வலி கடுமையாக வந்து, பித்தமே வராமல் வாந்தி வந்தால் முழு அடைப்பாக இருக்கலாம். குடல் ஓட்டையாகும் ஆபத்து உண்டு, உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்தத்தில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் நொதி) கூடி, கணைய அழற்சி என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோய் முதலில் அதைக் காட்டுங்கள்.