மகரக்கட்டுக்கு முன்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய மத்தேயு பாடுகளை மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்கள் லுத்தரன் குடும்பம். எங்கள் சபையின் கொயரில் இருபத்திரண்டு வருடமாக ஆல்ட்டோ என்ற இரண்டாம் குரல் பாடுகிறேன். அதனால் அதில் வரும் ஞானப்பாட்டு மெட்டுகளில் சில எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை நாங்கள் பாடும் ‘இரத்தம் காயம் குத்தும்’ மெட்டு அதற்குள் திரும்பத் திரும்ப வந்தபோது கரண்டியும் கையுமாக அடுப்படியில் நின்றுவிட்டேன்.

நீங்கள் சிபாரிசு செய்தது ஹார்னோன்கூர் நடத்திய 1970 ஒலிப்பதிவு. அதில் ஒரு பெண் குரல்கூட இல்லை. சோப்ரானோ என்ற மேல்குரல் தனிப்பாட்டையும் ஒரு பையன்தான் பாடுகிறான். நீளமான இடங்களில் அவனுக்கு மூச்சு போதவில்லை, சுருதியும் விலகுவது போலிருக்கிறது. “ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி இருக்கும்மா” என்கிறான் என் மகன். இதைவிட நன்றாகப் பாடும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்க, இதை எதற்குக் கேட்க வேண்டும்? இந்தப் பையன்களின் பாட்டுக்குக் கீழே எல்லோரும் ‘தேவதைக் குரல்’ என்று எழுதுகிறார்கள். எனக்குத் தேவதை எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் என்னைப் போன்ற ஒருத்தியை, கொயர் நின்று பாடும் ஆர்கன் மாடத்தில் ஏறவே விட்டிருக்க மாட்டார்கள். அந்த அநியாயத்தை இந்தக் காலத்தில் மறுபடியும் எதற்குப் பதிவுசெய்து விற்கிறார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி
(பெயர் வேண்டாம்)

வணக்கம் அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதைத் தள்ளிப்போட்டால் பதில் சொல்லாமலே நழுவிவிடுவேன்.

நீங்கள் சொல்வது சரி, அது அநியாயம்தான். “சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்” என்ற பவுலின் வசனத்தைப் பாட்டுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாக்கே இதில் மாட்டியிருக்கிறார். ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது, வெளியாள் ஒரு பெண்ணை மாடத்தில் ஏற்றிப் பாடவிட்டது எந்த அதிகாரத்தில் என்று 1706-இல் அவரை விசாரித்தார்கள். அப்போது அவருக்கு 21 வயது. பிறகு அவர் இரண்டாவதாக மணந்துகொண்ட அன்னா மாக்டலேனா, கோதன் அரண்மனையில் சம்பளம் வாங்கிப் பாடிய சோப்ரானோ. 1723-இல் குடும்பத்தோடு லைப்சிக்குக்கு வந்தார்கள். அங்கே வாராவாரம் கோயிலுக்குப் புதுப் பாட்டு எழுதும் வேலை. வீட்டில் தேர்ந்த பாடகி இருக்கிறார், கோயிலில் அவர் வாய் திறக்கக்கூடாது. அதே பாட்டை, பாக் இசை கற்பித்த தோமா பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் பாடுவான். அந்த அம்மாள் கீழே உட்கார்ந்து என்ன நினைத்துக் கேட்டிருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஆக, அந்த சோப்ரானோ வரிகள் பையன்களுக்காக எழுதப்பட்டவை. பையன்கள்தான் உசத்தி என்று பாக் நினைத்ததாக இதற்கு அர்த்தமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. 1730 ஆகஸ்ட் 23 தேதியிட்டு நகர சபைக்கு அவர் கொடுத்த நீண்ட மனு அது. ஒழுங்காகக் கோயில் இசை நடக்க ஒவ்வொரு கொயருக்கும் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 பேர் இருந்தால் நல்லது என்கிறார். பிறகு தன்னிடம் இருக்கும் 54 பையன்களையும் பேர் பேராகத் தரம் பிரிக்கிறார். உபயோகப்படுவோர் 17. இன்னும் தேற வேண்டியவர்கள் 20. எதற்கும் லாயக்கில்லாதவர்கள் 17. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு நான்கு ஆலயங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். சங்கீதமே தெரியாமல் ஞானப்பாட்டை மட்டும் எப்படியோ பாடத் தெரிந்த மிச்சம் மீதிகள் பேதுரு ஆலயத்துக்குப் போவார்களாம். அந்த மனுவைப் படித்தவர் யாரும் அந்தப் பையன்களைத் தேவதை என்று சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் உழைக்கும் பிள்ளைகள். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் தெருவிலும் பாடிக் காசு சேர்த்தார்கள். சாவுப் பாட்டின் வருமானத்தில் பாக்குக்கும் பங்கு உண்டு. அதே 1730-இல் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று நன்றாக இருந்தால் சாவு குறைந்து தன் வரும்படியும் குறைகிறது, போன வருடம் நூறு தாலருக்கு மேல் நஷ்டம் என்று புலம்பியிருக்கிறார். மத்தேயு பாடுகளை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. எனக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடிக்கும்.

இனி உங்கள் மகனின் புகார். அதில் பாதி நியாயம். ‘பாக் காலத்தில் கேட்டது போலவே’ என்று சொல்லித்தான் இந்த ஒலிப்பதிவுகள் விற்கப்பட்டன. அதில் ஒரு ஓட்டை உண்டு. பையன்களின் குரல் உடைவதை நம் நாடகக் கம்பெனிக்காரர்கள் மகரக்கட்டு என்று சொல்வார்களே, அது பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் இன்றைக்கு வருவதைவிடத் தாமதமாக வந்தது. பதினாறு, பதினேழு வயதுவரை சோப்ரானோ பாடியவர்கள் இருந்தார்கள். பாக்கே 1700-இல் லூனெபுர்க் பள்ளியில் சேரும்போது வயது 15, அப்போதும் சோப்ரானோதான். அவர் குரல் உடைந்த கதையை அவர் மறைவுக்குப் பின் எழுதினார்கள்: எட்டு நாள், பேசினாலும் பாடினாலும் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் சேர்ந்தே வந்ததாம், பிறகு மேல்குரல் போயே போய்விட்டது. இன்றைக்கோ பன்னிரண்டு பதின்மூன்றிலேயே உடைந்துவிடுகிறது. பதினாறு வயது நெஞ்சுக்கூட்டுக்கும் அத்தனை வருடப் பயிற்சிக்கும் எழுதிய வரியை இப்போது பதினோரு வயதுப் பிள்ளை பாடுகிறான். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

ஆகவே ‘அசல்’ என்ற வாதத்தை நான் விட்டுவிட்டேன். ஹார்னோன்கூரும் லியோன்ஹார்ட் என்ற இன்னொரு நடத்துநரும் சேர்ந்து, கோயில் ஆராதனைக்காக பாக் எழுதிய கான்டாட்டா என்ற பாட்டுத் தொகுப்புகளை முழுக்கப் பதிவுசெய்தார்கள். 1971-இல் முதல் இசைத்தட்டுகள் வந்தன, முடிக்கக் கிட்டத்தட்ட இருபது வருடம் ஆயிற்று. வியன்னா, ஹனோவர், ட்யோல்ஸ் ஊர்ப் பையன்கள் அதில் மாறி மாறி வருகிறார்கள். அந்த இருவரே 51-ஆம் கான்டாட்டாவுக்கும் 199-ஆவதற்கும் பெண்களை அழைத்துக்கொண்டார்கள். 51-ஐக் கேட்டுப்பாருங்கள், ட்ரம்பெட்டோடு போட்டி போட்டு உச்சத்துக்கு ஏற வேண்டும். பிள்ளையின் தலையில் அதைக் கட்டாதது நல்லதாயிற்று.

அப்படியென்றால் எதற்காகக் கேட்பது? எனக்கே பதில் சட்டென்று கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு நூலகத்தில் அந்த கேசட்டுகளை இரவல் வாங்கி வருவேன். பையன் பாடும் பாட்டு வந்தால் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போவேன். நிறுத்திக் கேட்கவைத்தது ஓபோ என்ற ஊதுகுழல். அந்தக்காலத்து ஓபோவுக்கும் நம் நாயனத்துக்கும் சீவாளியின் உறவு உண்டு. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கொலி. ஜெர்மன் பையன்கள், முக்கியமாக ட்யோல்ஸ் பையன்கள், அதே கரகரப்போடு நெஞ்சைத் திறந்து பாடுகிறார்கள். கெர்ஹார்ட் ஷ்மிட்-காடன் 1956-இல் தொடங்கிய கொயர் அது. ஒவ்வொரு பையனையும் தனிப்பாடகனாகவே பழக்கினார். ஓபோவும் பையனும் ஒரே வரியை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும்போது எது குரல் எது கருவி என்று ஒரு கணம் மயங்கும். நன்றாகப் பழகிய பெண் குரலில் இந்த மயக்கம் எனக்குக் கிடைத்ததில்லை, அது ஓபோவைவிட எப்போதும் பெரிய ஆளாக இருக்கிறது. உங்கள் மகனுக்கு 1970 பதிவைப் போடாதீர்கள். லியோன்ஹார்ட் 1989-இல் ட்யோல்ஸ் பையன்களை வைத்துச் செய்த மத்தேயு பாடுகளைப் போடுங்கள். ஆண்டு விழா என்று சொல்ல மாட்டான்.

தேவதை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. அந்தப் பேரைக் கட்டிவிட்டதில் பெரும்பங்கு ஆங்கிலேயருடையது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் கொயர் 1963-இல் பாடிப் பதிவுசெய்த அல்லேக்ரியின் ‘மிசெரேரே’யை நீங்களும் கேட்டிருப்பீர்கள், ராய் குட்மன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் உச்ச ‘சி’ ஸ்வரத்துக்கு அலட்டாமல் போய்வருவார். ரக்பி ஆடிவிட்டு நேரே ஓடிவந்து பாடியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அல்லேக்ரி அதை எழுதியது சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு. அங்கே மேல்குரல் பாடியவர்கள் வளர்ந்த ஆண்கள். குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்த உச்ச ‘சி’யோ அல்லேக்ரி எழுதியதே அல்ல, பின்னாளில் அச்சேற்றியவர்கள் கைவழியே வந்து ஒட்டிக்கொண்டது. உலகத்தின் மிகப் பிரபலமான சிறுவர் பாட்டு, சிறுவர்களுக்கு எழுதப்படாதது. அதன் மிகப் பிரபலமான ஸ்வரம், இசையமைப்பாளர் எழுதாதது.

இந்தச் சொல்லின்மேல் எனக்குக் கோபம் வர வேறொரு காரணமும் உண்டு. நீங்கள் கேட்ட 1970 பதிவில் கூட்டுக்குரலின் மேல்பகுதியைப் பாடியவர்கள் ரேகன்ஸ்பர்க் பேராலயச் சிறுவர்கள். ‘பேராலயக் குருவிகள்’ என்பது அந்தக் கொயரின் செல்லப்பெயர். 2017-இல் அங்கே விசாரணை அறிக்கை வெளிவந்தது. 1945-க்குப் பிந்தைய காலத்தில் அந்த நிறுவனத்தின் பள்ளிகளில் குறைந்தது 547 சிறுவர்கள் வன்முறைக்கு ஆளானார்கள். பெரும்பாலும் அடி உதை, 67 பேருக்குப் பாலியல் கொடுமை. அதைப் படித்த பிறகு சில மாதம் அந்த இசைத்தட்டைத் தொடவில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் தேவதை என்று யாராவது சொன்னால் எனக்கு முகம் சுருங்கிவிடுகிறது. தேவதைக்குப் பசி இல்லை, வலி இல்லை, புகார் சொல்ல வாயும் இல்லை. பெயரும் இல்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 1970 உறையில் ஆண் பாடகர்கள் அத்தனை பேருக்கும் பெயர் உண்டு. நீங்கள் குறைபட்ட அந்தப் பையனுக்கு, ‘வியன்னா சிறுவர் கொயரின் தனிப்பாடகர்கள்’ என்ற பொதுப்பெயர்தான்.

அவன் பாடும் பாட்டுகளில் ஒன்றைச் சொல்கிறேன். ‘அன்பினாலே என் மீட்பர் சாகிறார்’ என்று தொடங்குவது. இவன் என்ன பொல்லாப்பு செய்தான் என்று பிலாத்து கேட்கிறான் அல்லவா, அதற்குச் சற்றுப் பின்னால் வரும். பாக் இதில் ஒரு காரியம் செய்திருக்கிறார்: அடிக்குரல் வாத்தியங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார். செல்லோ இல்லை, ஆர்கன் இல்லை. மேலே ஒரு புல்லாங்குழல், கீழே வேட்டை ஓபோ இரண்டு, நடுவில் குரல். தரையே இல்லாத வீடு. தேர்ந்த பாடகி ஒருவர் இதைப் பாடும்போது நான் அவருடைய திறமையில் சாய்ந்துகொள்கிறேன், எங்கும் விழமாட்டார் என்று தெரியும். பையன் பாடும்போது நிறைகுடத்தைத் தலையில் வைத்து வரப்பில் நடக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல உட்கார்ந்திருக்கிறேன். ‘சாக’ என்ற சொல்லை அவன் நீட்டும் இடத்தில் மூச்சு எடுக்கிறான், அது கேட்கிறது. குற்றமில்லாதவன் சாகிறான் என்று சொல்லும் பாட்டு அது. பாடுகிறவனுக்கு அதன் முழு அர்த்தமும் தெரிந்திருக்காது. சில மாதங்களில் இந்தக் குரல் தன்னிடம் இருக்காது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும், கொயரில் மூத்தவர்களுக்கு நடப்பதைப் பார்த்திருப்பான். நீங்கள் குறை என்று எழுதிய மூச்சுதான் நான் திரும்பத் திரும்ப அந்தப் பாட்டுக்குப் போகும் காரணம். உங்களுக்கு இது ஒப்பாமல் போகலாம். கொயரில் பக்கத்தில் நிற்பவர் தவறான இடத்தில் மூச்சு எடுத்தால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்கும் தெரியும்.

பெண்களை விலக்கிய வழக்கத்தை இதற்காக யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. சால்ஸ்பரி பேராலயம் 1991-இலேயே சிறுமிகளுக்கு ஒரு கொயர் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரி 2022 முதல் தன் கொயரிலேயே சிறுமிகளையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதனால் வானம் இடிந்து விழவில்லை.

உங்களுக்கென்று ஒரு சிபாரிசு. அதே 1970-இல் கிழக்கு ஜெர்மனியில் இன்னொரு மத்தேயு பாடுகள் பதிவாயிற்று. ட்ரெஸ்டன் திருச்சிலுவை ஆலயக் கொயரை நடத்திய ருடால்ஃப் மவுவர்ஸ்பெர்கரும், லைப்சிக் தோமா ஆலயக் கொயரை நடத்திய அவர் தம்பி எர்ஹார்டும் சேர்ந்து செய்தது. இரண்டு ஊர்ப் பையன்களும் பாடுகிறார்கள். வாத்தியங்கள் இக்காலத்தவை, சோப்ரானோ தனிப்பாட்டுக்குப் பெண்தான், அசல் என்ற பேச்சே கிடையாது. கதை சொல்லும் சுவிசேஷகனாகப் பாடும் பேட்டர் ஷ்ரையர், சிறுவயதில் அதே ட்ரெஸ்டன் கொயரில் ஆல்ட்டோ, உங்கள் குரல். 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன்மேல் குண்டு விழுந்தபோது ருடால்ஃபின் கொயரில் பதினொரு பையன்கள் செத்துப்போனார்கள். அவர் மிஞ்சியவர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். இந்தப் பதிவு முடிந்த மறுவருடம், 1971 பிப்ரவரியில், அவரும் போய்விட்டார்.

இதில் உங்கள் ‘இரத்தம் காயம் குத்தும்’ வரும் இடங்களை மட்டும் முதலில் கேளுங்கள். ஹார்னோன்கூர் அந்த மெட்டைப் பேச்சு போல, வாக்கியம் வாக்கியமாக நறுக்கிச் சொல்வார். அண்ணன் தம்பி அப்படிச் செய்வதில்லை. சபையே எழுந்து நின்று பாடுவது போல நிதானமாக விடுகிறார்கள். உங்கள் சபையில் அதை எந்த வேகத்தில் பாடுகிறீர்கள், ஒவ்வொரு அடியின் முடிவிலும் நிறுத்துவதுண்டா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.