பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா? எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: குளச்சலில் இருக்கிறோம். 12 வருடப் பழைய கார். டிக்கியில் அவ்வப்போது மீன் பெட்டி ஏற்றுவோம். பிரேக் மிதித்தால் பின் இண்டிகேட்டர் மங்குகிறது. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. பல்பு, பேட்டரி இரண்டும் மாற்றியாயிற்று. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இரண்டு கோளாறுக்குமே எர்த் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

விளக்குக்குப் போகும் கரண்ட் ஒயரில் போகிறது. திரும்புவது பாடித் தகடு வழியாக. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். விளக்கின் எர்த் ஒயர் தகட்டோடு சேரும் போல்ட்டில் துரு ஏறினால், பிரேக் விளக்கின் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் இண்டிகேட்டர் மங்குகிறது. கடற்காற்றும் இரண்டு பருவமழையும் போதாதென்று, மீன் பெட்டியில் வடியும் உப்புத் தண்ணீர் வேறு. பின் விளக்கு எர்த் போல்ட் பெரும்பாலும் டிக்கி மூலையில்தான் இருக்கும். பாயைத் தூக்கிப் பாருங்கள்.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் (தடை) பார்த்து 'எர்த் நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் ஓம்ஸ் சரியாகவே காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், கிளாம்ப்பில் அல்ல, ஈயத் தலையிலேயே. இன்னொரு முனை விளக்கின் எர்த் ஒயர் சேரும் பின்னில் (pin). எட்டாவிட்டால் நீள ஒயர் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் கோளாறு அங்கேதான்.

அப்புறம் செல்ஃப். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு சேர்க்கத் தனி எர்த் பட்டை இருக்கும். செல்ஃப் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது நெகட்டிவுக்கும் இன்ஜினின் வெறும் உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். இங்கேயும் 0.5 தாண்டக் கூடாது. மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிளால் நெகட்டிவையும் இன்ஜினையும் இணைத்து அடித்துப் பாருங்கள். இன்ஜின் சட்டென்று ஸ்டார்ட் ஆனால் பட்டைதான் குற்றவாளி.

சரிசெய்ய, முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். போல்ட்டை எடுத்து, தகட்டையும் ஒயர் முனையையும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பெயின்ட் மிச்சம் இருக்கக் கூடாது. பச்சை பூத்த ஒயரென்றால் முனையை வெட்டிப் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) அடியுங்கள். பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வேசலின் பூசுங்கள். அருகில் தகடு நன்றாக இருக்க, துருப்பிடித்த தகட்டிலேயே புது ஸ்க்ரூ ஏற்றுவது வேண்டாத வேலை. மூன்று மாதத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். ஏர்பேக் ஒயர்களை மட்டும் தொடாதீர்கள்.

எர்த் சுத்தமாக இருந்து, பாசிட்டிவ் கேபிளையும் இதேபோல் அளந்து அதுவும் சரியென்றால், அப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொல்லுங்கள்.