மூளைக்குள் மருந்து சுரக்கும் உறை: கேள்வி பதில்

கேள்வி: மருந்து சுரக்கும் உயிரணுக்களைச் சிறு உறைக்குள் அடைத்து மூளையில் வைப்பானேன்? ஊசி போட்டால் ஆகாதா?

பதில்: நரம்பணுக்களைக் காக்கும் புரதங்கள் பெரிய மூலக்கூறுகள். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை அவற்றால் தாண்ட முடியாது. அவற்றில் ஒன்றான சிஎன்டிஎஃப் என்ற புரதத்தை, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏஎல்எஸ் நோயாளிகளுக்குத் தோலடி ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். இருமலும் எடைக்குறைவும் வந்தன, நோய் மட்டுப்படவில்லை. அந்தப் புரதத்தைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய உயிரணுக்களை உரிய இடத்திலேயே வைத்துவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் மருந்து கிடைக்கும்.

கேள்வி: அந்நிய உயிரணுக்களை உடல் விட்டுவைக்குமா?

பதில்: உறை இருப்பதே அதற்காகத்தான். அதன் சவ்வு வழியே ஆக்சிஜனும் குளுக்கோஸும் உள்ளே போகும், புரதம் வெளியே வரும். நோய் எதிர்ப்பு அணுக்கள் நுழைய முடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உறைக்குள் ரத்தக்குழாய் கிடையாது, ஆக்சிஜன் ஊறித்தான் வர வேண்டும். அது ஊறும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்கு அப்பால் இருக்கும் உயிரணு செத்துப்போகும். அதனால்தான் உறைகளை இவ்வளவு மெலிதாகச் செய்கிறார்கள். 1996இல் வெளியான ஏஎல்எஸ் ஆய்வில் 6 பேரின் தண்டுவட நீரில் வைத்த உறை 5 செ.மீ. நீளம், 0.6 மி.மீ. அகலம். தண்டுவட நீரில் புரதம் பல வாரங்கள் தொடர்ந்து காணப்பட்டது. நோய் குணமானதாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

கேள்வி: உறை உடைந்தாலோ ஒத்துக்கொள்ளாமல் போனாலோ?

பதில்: வெளியே எடுத்துவிடலாம். இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். மூளைக்குள் நேரடியாகச் செலுத்திய மரபணுவைத் திரும்ப எடுக்க வழியில்லை. எடுத்த உறையைச் சோதித்தும் பார்க்கலாம். மூளை அணுக்கள் படிப்படியாக அழியும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோயாளிகள் 6 பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறையை மாற்றி ஓர் ஆய்வு நடந்தது. 2004இல் முடிவு வெளியானது. திரும்ப எடுத்த 24 உறைகளில் 13 குறைவாகவே புரதம் சுரந்தன. அவற்றைச் சுமந்தவர்களுக்கு அந்த மாதங்களில் மருந்து போதுமான அளவு கிடைத்திருக்காது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. ஆனால் எங்கே திருத்த வேண்டும் என்று அந்த உறைகள்தான் காட்டிக்கொடுத்தன.

கேள்வி: எங்காவது பலன் கிடைத்திருக்கிறதா?

பதில்: கண்ணில். விழித்திரையும் மைய நரம்பு மண்டலத்தின் பகுதிதான். மேக்குலர் டெலாஞ்சியெக்டேசியா இரண்டாம் வகை என்ற விழித்திரை நோய்க்கு, சிஎன்டிஎஃப் சுரக்கும் உறையை 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்தது.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன். பணம் கட்டினால் உறை வைக்கிறோம் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள். போகலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. பன்றி மூளையின் உயிரணுக்களை உறையிலிட்டு நியூசிலாந்தில் பார்க்கின்சனுக்குச் சோதித்தார்கள். முதல் சிறு சோதனை நம்பிக்கை தந்தது. ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த அடுத்த சோதனையில், உறை வைக்காமல் போலி அறுவை மட்டும் செய்துகொண்டவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் இல்லை என்று 2017இல் தெரிந்தது. பார்க்கின்சனுக்கு அங்கீகாரம் பெற்ற உறை எதுவும் என் அறிவுக்கு எட்டியவரை இல்லை. முறையாகப் பதிவுசெய்த ஆய்வு என்றால் சிகிச்சைக்குப் பணம் கேட்பது வழக்கமில்லை. அப்படி ஓர் ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: உறையைத் திரும்ப எடுக்கும்போது அது எவ்வளவு சுரந்தது என்று அளந்து உங்களுக்குச் சொல்வார்களா? அதை எடுக்கும் அறுவைக்கு யார் பொறுப்பு? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.