பயிற்சிக் கேள்வி எழுதுவது எப்படி? ரீச்சரிடம் கேட்டவை

உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா: ரீச்சர், மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். புவியியல் கொப்பியை ஐந்தாறு தரம் வாசித்துவிட்டாள். கேள்வி கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை.

பதில்: அம்மா, திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். கொப்பியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சைக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதானே.

அவரின் மகள்: "கச்சான் காற்றைப் பற்றி எழுதுக" என்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். போதுமா ரீச்சர்?

பதில்: போதாது மகள். அதற்கு எதை எழுதினாலும் சரி போலத்தான் இருக்கும். எந்த இடத்தில் பிழைத்தாய் என்று தெரியாது. உடைத்துக் கேள். கச்சான், அதாவது கிழக்குக் கரையில் வீசும் அந்த வறண்ட சூடான காற்று, எந்தப் பருவக்காற்றுக் காலத்தில் வீசுகிறது? தென்மேல். அந்தக் காற்று ஈரத்தை எங்கே விட்டுவிட்டு வருகிறது? மலைநாட்டின் மேற்குச் சரிவில், மழையாக. மலை தாண்டி இறங்கும்போது ஏன் சூடாகிறது? கீழே வர வர அமுக்கம் கூடிக் காற்று நெருக்கப்படுவதால்.

இதோடு நிறுத்திவிடாதே. "ஜூன் மாதம் இரத்தினபுரியில் மழை கொட்டும்போது கிழக்குக் கரை நிலாவெளியில் ஏன் வெயில் எரிக்கிறது?" என்று ஒன்று சேர்த்துக்கொள். முதல் மூன்றும் விளங்கியிருந்தால்தான் இதற்குப் பதில் வரும். பாடமாக்கியதையும் விளங்கியதையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான்.

கிண்ணியா ரியூசன் ஆசிரியர்: பல்தேர்வு வினாக்களில் பிள்ளைகள் ஊகித்தே சரியான விடையைப் போட்டுவிடுகிறார்கள்.

பதில்: பிழையான தெரிவுகளைப் பாருங்கள் சேர். மகாவலி எங்கே கடலில் கலக்கிறது என்று கேட்டு, சரியான விடையான கொட்டியாரக் குடாவோடு கண்டி, பதுளை, நுவரெலியா என்று போட்டால் கடல் இல்லாத ஊர்களைப் பிள்ளை தானாகவே வெட்டிவிடும். புத்தளம் களப்பு, மட்டக்களப்பு வாவி, ஆறுகம் குடா என்று போட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல தெரிவுகள் உங்களிடமே இருக்கின்றன: பிள்ளைகள் விடைத்தாளில் விட்ட பிழைகள்.

மூதூர் மாணவர்: இணைந்த கணிதத்தில் கடந்தகால வினாக்களை அலகு அலகாகச் செய்கிறேன். சரியா?

பதில்: தொடக்கத்தில் சரி தம்பி. அப்புறம் கலந்து செய்யுங்கள். அலகாகச் செய்யும்போது எந்த முறை என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் ஒருவர்: ஒரே கேள்வியை எத்தனை நாளைக்கு ஒரு தரம் பார்ப்பது?

பதில்: மறுநாள், பிறகு மூன்று நான்கு நாளில், பிறகு ஒரு வாரத்தில். சரி வந்ததை இன்னும் தள்ளிப் போடுங்கள், பிழைத்ததை நாளைக்கே எடுங்கள்.

உப்புவெளி அம்மா மறுபடியும்: பிழையாக எழுதிப் பழகினால் பிழையே பதிந்துவிடாதா?

பதில்: எழுதி முடித்த கையோடு சரியான விடையைப் பார்த்துத் திருத்தினால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எழுதுவதற்கு முதல் பார்க்க விடாதீர்கள். விடைகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், கேள்விக்குக் கீழே வேண்டாம்.