மாத்திரை போட்டும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 56. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முகம் உப்பியிருக்கிறது. இசிஜியில் நாடித்துடிப்பு 52. எக்கோவில் இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் தெரிகிறதாம். நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். 46 இருக்கிறது. “எல்லாம் தைராய்டால்தான்” என்கிறார் இதய மருத்துவர். கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நிறையவே சம்பந்தம் உண்டு. இதயம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழுத்திச் சுருங்க வேண்டும் என்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் ஹார்மோன். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், அதனால் 46 என்றால் உங்களுக்குத் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் துடிப்பு மந்தமாகும், ரத்தக்குழாய்கள் இறுகும், கெட்ட கொழுப்பு ஏறும். இதய உறையில் நீர் கோப்பதும் இதனால்தான். மெல்ல மெல்லச் சேர்வதால் பெரும்பாலும் இதயத்தை அழுத்துவதில்லை. ஹார்மோன் சரியானால் சில மாதங்களில் தானாக வற்றிவிடும்.

மூச்சு விஷயத்தில், நெஞ்சை விரிக்கும் தசைகளும் உதரவிதானமும் பலமிழக்கின்றன. நாக்கும் தொண்டையும் தடித்து, தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் வரலாம். ரத்தசோகையும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

சரி, மாத்திரை போட்டும் ஏன் 46? அதை எப்படிப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். எழுந்ததும் ஃபில்டர் காபியோடு விழுங்குகிறவர்களை தினமும் பார்க்கிறேன். காபியோடு போனால் மருந்து சரியாக உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி, டிபன் எல்லாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிலர் மாதத்தில் பத்து நாள் மறந்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவார்கள்! நீங்கள் அப்படி இல்லையென்று நம்புகிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் அளவைக் கூட்டுவது பற்றிய பேச்சு. அதையும் மருத்துவர்தான் படிப்படியாகக் கூட்ட வேண்டும். சீக்கிரம் குணமாகட்டும் என்று நீங்களே இரண்டாகப் போட்டால் நெஞ்சுவலியோ படபடப்போ வரலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் பார்ப்பது வீண் செலவு. எக்கோவை எப்போது மறுபடி எடுப்பது என்பதை இதய மருத்துவர் சொல்வார்.

படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி, மயக்கம், உடம்பு சில்லிட்டு எந்நேரமும் தூங்கி வழிவது, பேச்சில் குழப்பம், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.